கலப்பும் கலப்படமும்

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டிலே கடந்த காலத்துக்கு நன்றி சொல்கிறோம். வரப்போகும் காலத்தைப் பற்றி எண்ணிப் பார்ப்பதும் நம் கடமையே. அந்த வகையில், மனித உயிரணுவையும் மிருக உயிரணுவையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்யப்படும் ஆராய்ச்சியைப் பற்றி இன்று சிந்திப்போம். தறிச் சத்தம் கேட்கும் காஞ்சிபுரத்திலே இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் அலையும்போது இந்தக் கேள்வி நம் வாசலுக்கே வந்துவிடுகிறது. "மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதா?" என்று ஏங்கும் குடும்பத்திடம், "பன்றியின் சிறுநீரகம் இருக்கிறது, வைத்துக் கொள்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்கும் நாள் வெகு தூரத்தில் இல்லை. அன்று நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

மிருகத்தின் உதவியால் மனிதன் பிழைப்பது புதிய செய்தி அல்ல. சென்னை கிண்டியிலே 1899-ஆம் ஆண்டு தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட்டில் கன்றுக்குட்டியின் தோலிலே வளர்த்த அம்மைப்பாலைத்தான் நம் முன்னோர் கையிலே குத்திக் கொண்டார்கள். வெறிநாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட கதையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மருந்து ஆட்டின் மூளையிலிருந்து எடுக்கப்பட்டது; இருபது ஆண்டுகளுக்கு முன்புதான் கைவிடப்பட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் அறுபது ஆண்டுகளாக மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும்தான் வந்தது. இதய வால்வு பழுதானவர்களுக்குப் பன்றியின் வால்வைப் பதப்படுத்திப் பொருத்துகிறார்கள். இவற்றால் யாரும் மிருகமாகிவிடவில்லை. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1956-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றிப் பேசினார். மிருகத்தின் கருவிழியை மனிதனுக்குப் பொருத்த முடியுமானால் அதில் ஒழுக்கக் கேடு இல்லை என்றார்; இனப்பெருக்கச் சுரப்பிகளை மாற்றுவதையோ கண்டித்தார்.

நம் நாட்டிலே இதற்கு ஒரு சோகமான வரலாறும் உண்டு. 1997-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அஸ்ஸாம் மாநிலம் சோனாப்பூரில் டாக்டர் தனிராம் பருவா என்பவர், 32 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். ஏழு நாட்களில் அந்த நோயாளி இறந்தார். மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் டாக்டர் கைதாகி 40 நாள் சிறையில் இருந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2022-ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவமனையில் டேவிட் பென்னட் என்பவருக்குப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. அந்தப் பன்றியிலே பத்து மரபணு மாற்றங்கள் செய்திருந்தார்கள். அவற்றில் ஆறு, மனித மரபணுக்களைச் சேர்த்தவை. அவர் இரண்டு மாதம் உயிர் வாழ்ந்தார். பொருத்திய இதயத்திலே பன்றிக்குரிய வைரஸ் ஒன்று இருந்தது பிறகு தெரிய வந்தது. மிருகத்தின் கிருமி மனிதனுக்குத் தாவினால் ஆபத்து ஒரு நோயாளியோடு நிற்காது, ஊருக்கே பரவலாம் என்ற அச்சம் இதனால்தான்.

இதுவரை சொன்னவை மிருகத்தின் உறுப்பு மனிதனுக்குள் வருவதைப் பற்றியவை. இப்போது மனித உயிரணு மிருகத்தின் கருவுக்குள் போகிறது. எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய மனித உயிரணுக்களைப் பன்றிக் கருவுக்குள் செலுத்தியதாக 2017-ஆம் ஆண்டு அறிவியலார் அறிவித்தனர். 2021-ஆம் ஆண்டு 132 குரங்குக் கருக்களில், ஒவ்வொன்றிலும் 25 மனித உயிரணுக்களைச் செலுத்தினார்கள்; அவற்றில் மூன்று 19-ஆம் நாள் வரை சோதனைச்சாலைத் தட்டிலே வளர்ந்தன. 2023-ஆம் ஆண்டு சீனாவிலே பன்றிக் கருவுக்குள் பாதிக்கு மேல் மனித உயிரணுவால் ஆன சிறுநீரகத்தை 28 நாள் வரை வளர்த்துக் காட்டினார்கள். சிறுநீரகத்துக்கென்று அனுப்பிய மனித உயிரணுக்களில் மிகச் சில, அந்தக் கருவின் மூளையிலும் தண்டுவடத்திலும் காணப்பட்டன.

இவர்களின் நோக்கம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. உறுப்புக்காகக் காத்திருந்து சாகிறவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, வழியும் நல்லதாக இருக்க வேண்டும் என்பது நாம் ஞானோபதேச வகுப்பிலே படித்த பாடம்.

இதை நம் ஊர்த் தறியைக் கொண்டே விளங்கிக் கொள்ளலாம். காஞ்சிப் பட்டிலே கோர்வை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். மூன்று நாடா ஓட்டி, இழையோடு இழையைக் கோத்து இரண்டையும் சேர்க்கிறார் நெசவாளி. சேலை நைந்தாலும் கரை பிரிந்து போகாது. அவ்வளவு உறுதியாக இணைந்த பின்பும் கரை கரையாகவே இருக்கிறது. உடல் உடலாகவே இருக்கிறது. பன்றியின் வால்வைத் தாங்கிய மனிதர் அத்தகைய கோர்வை. அவர் யார் என்பதிலே சந்தேகம் இல்லை. அவர் நம் சகோதரர்.

கலப்படம் என்பது வேறு. செயற்கை இழையைக் கலந்து நெய்து, கலந்தது என்று சொல்லி விற்றால் அதில் குற்றம் இல்லை. அதையே சுத்தப் பட்டு என்று விற்றால் அது மோசடி. ஆராய்ச்சியிலும் அப்படியே. தன் உடலுக்குள் என்ன வைக்கப் போகிறார்கள், அதனால் என்ன ஆபத்து என்பதை நோயாளி முழுவதும் அறிந்து சம்மதிக்க வேண்டும். ஏழை என்பதற்காகவும், சாகக் கிடக்கிறார் என்பதற்காகவும் யாரையும் சோதனைப் பொருளாக்கக் கூடாது.

இதற்கும் மேலே ஓர் எல்லை உண்டு. நம் கைலாசநாதர் கோயில் தூண்களிலே யாளியைப் பார்க்கிறோம். பல்லவச் சிற்பியின் அற்புதமான கற்பனை அது. கல்லுக்கு வலிக்காது, "நான் யார்?" என்று அது நம்மைக் கேட்காது. மனித மூளை உயிரணுக்கள் நிறைந்த ஒரு மிருகம் பிறந்தால், அது கேட்குமா கேட்காதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கொட்டிலில் கட்டுவதா? கோயிலுக்கு அழைத்து வருவதா? நல்ல சமாரியன் உவமையிலே, அயலான் யார் என்ற கேள்விக்கு ஆண்டவர் தெளிவாக வழி காட்டினார். அந்தக் கேள்விக்கே விடை சொல்ல முடியாத ஓர் உயிரை உண்டாக்கும் உரிமை நமக்கு இல்லை.

திருச்சபையின் போதனையும் இதுவே. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 2000-ஆம் ஆண்டு இரண்டு நிபந்தனைகளைச் சொன்னார்: மாற்று உறுப்பு மனிதனின் தனித்தன்மையைக் குலைக்கக் கூடாது, அளவுக்கு மீறிய ஆபத்தையும் கொண்டு வரக் கூடாது. அடுத்த ஆண்டு பாப்பிறை உயிர்க் கழகம், மூளையும் இனப்பெருக்க உறுப்புகளும் ஓர் ஆளின் தனித்தன்மையோடு பிரிக்க முடியாதவை, ஆகவே அவற்றை மாற்றலாகாது என்று விளக்கியது. மிருகத்தின் கருமுட்டையைக் கொண்டு மனிதக் கலப்புக் கரு உண்டாக்குவதை 2008-ஆம் ஆண்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கண்டித்தது. மனிதக் கருவை அழித்து எடுத்த உயிரணுவாக இருந்தால், எந்த நன்மையைக் காட்டினாலும் திருச்சபை அதை ஏற்பதில்லை. வளர்ந்தவரின் தோலிலிருந்து உண்டாக்கிய உயிரணுவாக இருந்தால் அந்தத் தடை இல்லை. நம் நாட்டு அரசின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் சில கதவுகளை அடைத்துள்ளன. மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வெளியே வளர்க்கக் கூடாது. மனித உயிரணு ஏற்றப்பட்டு, அது இனவிருத்தி உறுப்பில் சேரக்கூடிய மிருகங்களை இனவிருத்தி செய்யவும் கூடாது.

மிருகங்களையும் நாம் மறக்கலாகாது. ஒரு பட்டுச் சேலைக்காக ஆயிரக்கணக்கான புழுக்கூடுகள் கொதிநீரிலே போவதை அறிந்த ஊர் நம் ஊர். மிருகத்தைப் பயன்படுத்த அனுமதி உண்டு. வதைக்க அனுமதி இல்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இதை நினைவூட்டினார்.

அப்படியானால் டயாலிசிஸுக்கு அலையும் நம் சகோதரருக்கு என்ன சொல்வது? நன்றாகச் சோதித்து, சட்டம் அனுமதித்த பன்றிச் சிறுநீரகம் கிடைத்தால், அறிந்து சம்மதித்து ஏற்றுக் கொள்வதில் பாவம் இல்லை என்று சொல்வோம். மனித உயிரணுவால் மிருகத்துக்குள் வளர்த்த உறுப்பானால், அந்த உயிரணு எங்கிருந்து வந்தது, அந்த மிருகத்தின் உடலிலே எங்கெல்லாம் போனது என்று கேட்கச் சொல்வோம்.

ஆனால் அவரிடம் இதைச் சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாமா? பன்றியிடம் இதயம் கேட்கும் நிலை ஏன் வந்தது? மனிதரிடம் கிடைக்காததால்தானே! 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில், அப்போது நம் மாவட்டத்தில் இருந்த திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் விபத்திலே மூளைச்சாவு அடைந்தான். மருத்துவர்களான பெற்றோர், கண்ணீரோடு அவன் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். போலீசார் சென்னைச் சாலைகளில் வழி ஒதுக்கித் தர, சில நிமிடங்களில் அவன் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் போய்ச் சேர்ந்தது. ஒரு சிறுமிக்கு வாழ்வு தந்தது. தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு பேச வைத்தது அந்தக் குடும்பம். 2023-ஆம் ஆண்டு முதல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது.

ஆகவே ஜூபிலி நினைவாக ஒரு தீர்மானம் செய்வோம். இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்தபின், "எனக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் என் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள்" என்று வீட்டாரிடம் வாய் திறந்து சொல்லுவோம். அந்த வேளையிலே முடிவு எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். நமக்காகத் தம் உடலையே கையளித்த ஆண்டவரின் பந்தியிலே அமர்கிறவர்கள் நாம். அவர் நமக்கு அந்தத் தாராள மனதைத் தருவாராக.