பஞ்சாரத்துக் கைவைத்தியம்

புறக்கடையில் நான்கைந்து நாட்டுக்கோழி மேயும் வீட்டில் சின்னச் சின்னக் காயங்களுக்குக் குறைவிருக்காது. சேவல் மிதித்துப் பெட்டையின் முதுகுத்தோல் கிழியும். வேலிக்கம்பி கீறும். சண்டையில் கொண்டை கிழிந்து ரத்தம் வழியும். இதற்கெல்லாம் நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வைத்தியத்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று இன்று பார்ப்போம்.

கேட்டால் எல்லோரும் முதலில் மஞ்சளைத்தான் சொல்வார்கள். மஞ்சள் கிருமியை ஓரளவு தடுக்கும், வேப்பெண்ணெய் ஈயை விரட்டும். ஆனாலும் என் கணக்கில் முதலிடம் பஞ்சாரத்துக்கு. ரத்தச் சிவப்பைக் கண்டால் கோழி கொத்தாமல் விடாது. கூடவே வளர்ந்த கோழிகள்கூட அடிபட்டதைச் சூழ்ந்து கொத்தும். காலையில் பட்ட கீறல் பொழுது சாய்வதற்குள் பெரும் புண்ணாகிவிடும்; உயிர் போவதும் உண்டு. அடிபட்டதைத் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து, இரையும் தண்ணீரும் வைப்பது பழைய வழக்கம். எந்தப் பூச்சாலும் ஆகாத காரியம் அந்த மூங்கில் கூடையால் ஆகிறது. மற்ற கோழிகளின் கண்ணில் படும்படி வையுங்கள். மறுபடி சேர்க்கும்போது சண்டை குறையும்.

அடுத்தது பிடிக்கும் பக்குவம். கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தாலும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் திணறும். பழைய துண்டில் இறக்கையோடு தளர்வாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் அடங்கிவிடும். உடம்பு சுடுகிறதே என்று பயப்பட வேண்டாம். 41 டிகிரி செல்சியஸ் அதற்கு இயல்பான சூடு.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நகம் ஒடிந்து கசிந்தால் சோளமாவை வைத்து அழுத்தலாம். பிறகு கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவுங்கள். மஞ்சள் பூசுவது அதற்குப் பிறகுதான். அழுக்கின் மேல் பூசிய மஞ்சளால் பயனில்லை. வேப்பெண்ணெயைப் புண்ணின் ஓரத்தில் மட்டும் மெல்லத் தொட்டு வையுங்கள். அள்ளித் தடவினால் இறகு ஒட்டிக்கொள்ளும். கோழி அதைக் கோதி விழுங்கும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் மூன்றும் இனி வேண்டாம். நமக்கு வாங்கிய மரத்துப்போகும் களிம்பும் கோழிக்கு ஆகாது.

நம் கைவைத்தியம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கோழிப் புண்ணில் சீழ் நீராக வடியாது, உள்ளேயே கெட்டியாக உறையும். வடியவில்லை, ஆறிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். உள்ளங்கால் வீங்கி நடுவே கறுத்த பொருக்குக் கட்டியிருந்தால் அறுக்கவோ பிதுக்கவோ கூடாது. கொண்டையிலும் தாடியிலும் கொப்புளமாகக் கிளம்பிப் பொருக்குத் தட்டினால் அது கொத்துக்காயமாக இருக்காது. கொசு பரப்பும் அம்மையாக இருக்கலாம். நாயோ பூனையோ கடித்தால் வெளியே ஊசித்துளைதான் தெரியும், உள்ளே ஆழமாகக் கிழிந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் கால்நடை மருந்தகம் போங்கள், அல்லது கால்நடை உதவி எண் 1962க்குப் பேசுங்கள். மருத்துவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோழி நோவை வெளிக்காட்டாது. இரைக்கு ஓடிவராமல் ஒதுங்கி நிற்கும்போதே பாதி நாள் கடந்திருக்கும். அதனால் அந்தியில் அடைக்கும்போது எண்ணிக்கை பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொன்றின் கொண்டையையும் முதுகையும் காலையும் ஒரு பார்வை பாருங்கள். அன்றைக்கே கண்ணில் பட்ட காயத்துக்கு உப்புத்தண்ணீரும் பஞ்சாரமும் பெரும்பாலும் போதும்.