பிணைப்புக்கு இழை விட்டு வையுங்கள்

ஆரணிப் பட்டு என்றதும் பலருக்குக் கல்யாண வீடு நினைவுக்கு வரும். புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. இன்று பேச வந்தது அந்தச் சேலையை நெய்கிற வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் பற்றி. ஜூன், ஜூலையில் கல்லூரி திறக்கிறது. நவம்பரில் பருவத் தேர்வு. இடையில் ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன, அதன் பின்னாலேயே தீபாவளி. தறிக்கு ஆள் அதிகம் தேவைப்படும் மாதங்களும் வகுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. கரையைத் தனி நாடாவில் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலை என்றால் தறியில் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். அப்போது வீட்டில் எழும் பேச்சு இதுதான்: "பத்து நாள் காலேஜுக்குப் போகாதே, இந்தப் பாவு முடியட்டும்." அந்தப் பத்து நாள் பதினைந்தாகும், மழை வந்து வேலை இழுத்துவிட்டால் இருபதாகும். நம் ஊரில் வகுப்பிலிருந்து விலகுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. யாரும் விண்ணப்பம் எழுதி விலகுவதில்லை. நாள் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விலகியவர் ஆகிவிடுகிறார்கள். உதவித்தொகையை அறுப்பது பெரும்பாலும் விலகல் என்பதை விட, சொல்லாமல் விலகுவதே என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். குழித்தறியில் இருந்தபடி கேட்பவர்கள் கொஞ்சம் நாடாவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

உதவித்தொகையைச் சேரும்போது கிடைத்த பரிசாகப் பல குடும்பங்கள் எண்ணுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும், சாதிச் சான்றுக்கும், வருமானச் சான்றுக்கும் கிடைத்தது, இனி யாரும் பறிக்க முடியாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பல உதவித்தொகைகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியவை. புதுப்பிக்கும்போது கேட்கப்படுவது இரண்டே கேள்வி: வகுப்புக்கு வந்தாயா, தேறினாயா? பன்னிரண்டாம் வகுப்பில் முன்னணியில் வந்தவர்களுக்கு மத்திய அரசு தரும் கல்லூரி உதவித்தொகை பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதைத் தொடர்ந்து பெற ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாயை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே போடுகின்றன. படிப்பு தொடரும் வரைதான் அந்தப் பணம் வரும். இப்போது மாணவரின் விவரம், கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் யூமிஸ் என்ற தளத்தில் அவருக்குரிய எண்ணோடு இருக்கிறது. படிப்பை நிறுத்தியவர் என்று கல்லூரி அங்கே குறித்துவிட்டால், பணம் ஏன் வரவில்லை என்று வங்கியில் போய்க் கேட்டுப் பயனில்லை.

இந்த 75 சதவீதத்தைக் கொஞ்சம் நாள் கணக்கில் பார்ப்போம். சதவீதமாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 68 நாள் வந்திருக்க வேண்டும். அதாவது 22 நாள் வரை வராமல் இருக்கலாம். காய்ச்சலுக்கு ஐந்து நாள், ஊர்த் திருவிழாவுக்கும் உறவுக் கல்யாணத்துக்கும் ஐந்து நாள் போனால் மிச்சம் பன்னிரண்டு. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு பட்டுச் சேலை சில நாளிலும் முடியும், இரண்டு வாரமும் பிடிக்கும். ஆக அந்தப் பன்னிரண்டு நாள் என்பது வேலைப்பாடு மிகுந்த ஒரே ஒரு சேலை. அதற்கு மேல் இன்னொரு சேலைக்குத் தறியில் உட்கார்ந்தால் கோடு தாண்டியாயிற்று. அண்ணா பல்கலைக்கழக விதியில் 65 முதல் 75 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு, நோய் போன்ற காரணங்களைச் சான்றோடு காட்டினால், விலக்கு உண்டு. மாணவர்கள் இதைக் கண்டோனேஷன் என்பார்கள். 65 சதவீதத்துக்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். ஜூலையில் தொடங்கும் ஒற்றைப்படைப் பருவம் அடுத்த ஆண்டுதானே மறுபடி வரும்? சில நாள் கூடுதலாகத் தறியில் உட்கார்ந்ததற்கு விலை ஓர் ஆண்டு. அந்த ஓர் ஆண்டின் புதுப்பித்தலும் அதோடு போகிறது.

இங்கேதான் சொல்லி விலகுவதற்கும் சொல்லாமல் விலகுவதற்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழக விதிப்படி, தக்க காரணம் உள்ள மாணவர் முன்கூட்டி விண்ணப்பித்து, படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு பருவத்தின் தேர்வுகளிலிருந்து முறையாக விலகிக்கொள்ளலாம். மதிப்பெண் பட்டியலில் அதற்கு 'டபிள்யூ' என்ற குறி விழும். அந்த விலகல் தேர்வு எழுதிய முயற்சியாகக் கணக்கில் சேராது. சிறப்பு முதல் வகுப்புக்கான தகுதியையும் அது கெடுப்பதில்லை. வருகைக் குறைவால் தடுக்கப்பட்டவருக்கு விழும் குறி 'எஸ்.ஏ.'. இரண்டு பேரும் தேர்வு எழுதவில்லை. ஆனால் பட்டியலைப் பார்க்கும் அலுவலருக்கு முதலாமவர் அனுமதி பெற்றவர், இரண்டாமவர் வராதவர். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகை விதிகளில் வெகுகாலமாக இருந்துவரும் ஒரு பிரிவு இன்னும் தெளிவானது: நோயாலோ எதிர்பாராத நிகழ்வாலோ ஆண்டுத் தேர்வு எழுத முடியாத மாணவர் தக்க சான்று கொடுத்து, எழுதியிருந்தால் தேறியிருப்பார் என்று கல்லூரி முதல்வர் சான்றளித்தால், அடுத்த ஆண்டுக்கும் உதவித்தொகையைப் புதுப்பிக்கலாம். அதே விதிகள், படிப்பை நடுவில் நிறுத்தியவரிடம் அந்த ஆண்டு கொடுத்த தொகையை மாநில அரசு திருப்பிக் கேட்கலாம் என்றும் சொல்கின்றன. அனுமதி பெறாமல் படிப்பையோ கல்லூரியையோ மாற்றினால் உதவித்தொகையை நீக்கவும் இடம் இருக்கிறது. ஒரே விதிப் புத்தகம் ஒருவருக்குக் கை கொடுக்கிறது, இன்னொருவரிடம் கை நீட்டிக் கேட்கிறது. நடுவில் இருப்பது ஒரு விண்ணப்பமும் ஒரு சான்றும்தான்.

ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்கத் தறியை விட நல்ல இடம் கிடையாது; இந்த இடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீரும் நேரத்தில் நெசவாளர் என்ன செய்கிறார்? பழைய பாவை முழுக்க உருவி எடுத்துவிடுவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்த இழை அப்படியே நிற்கும்படி கொஞ்சம் நீளம் விட்டுவைக்கிறார். அந்த நுனிகளோடு புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாகப் பிணைத்து, மெல்ல இழுத்துக்கொண்டால் தறி மறுபடி ஓடும். பிணைப்பதே பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் பழைய இழையை அவசரத்தில் உருவிவிட்டால் அத்தனை இழையையும் விழுதில் ஒன்றொன்றாகக் கோத்து, அச்சில் எடுத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு பக்க விண்ணப்பம் அந்த மிச்ச இழை. தறி நிற்கலாம், அதில் தவறில்லை. திரும்பி வரும்போது பிணைக்க நுனி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சொல்லிவிட்டு விலகுவது படிப்பையே விட்டுவிட நினைப்பவர்களுக்கும் பொருந்தும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கும் முன்னதாகவோ விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வரவேண்டும். நாள் போகப் போக அது 90, 80, 50 சதவீதம் என்று குறைந்து, கடைசி நாள் கழிந்து முப்பது நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. "காலேஜுக்கு எதற்கு அலையணும், அஞ்சல் வழியில் படிக்கட்டும், வீட்டில் தறிக்கும் உதவியாயிருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. தொலைநிலைக் கல்விக்கு மாறினால் புதுமைப் பெண் திட்டத்தின் பணம் கிடையாது. மத்திய அரசின் அந்த 12,000 ரூபாயும் கிடையாது. இது நம் நாட்டு வழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஒரு பாடத்தை மட்டும் விட்டுவிட மாணவருக்கு வழி உண்டு. அங்கேயும் பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் முழுநேர மாணவர் என்ற தகுதி போய், உதவித்தொகை குறையும். பருவத்தில் 60 சதவீதம் முடியுமுன் முழுவதுமாக விலகினால், அரசு உதவியில் ஒரு பங்கு திரும்பப் போய்விடும். அளவுகள்தான் வேறு, உதவியை வகுப்பில் இருப்பதோடு கட்டிவைப்பது அங்கும் உண்டு.

இதற்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். முதல் மறுப்பு: மாதம் ஆயிரம் ரூபாய்க்காகவா இவ்வளவு பேச்சு, நெய்தால் கூலி கைமேல் வருகிறதே, உதவித்தொகையோ சில நேரம் பல மாதம் கழித்து வருகிறது. தாமதம் உண்மை; அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒப்பிடும் முறை சரியில்லை. பத்து நாள் கூலியை ஒரு மாத உதவித்தொகையோடு ஒப்பிட்டால் கூலிதான் பெரிதாகத் தெரியும். மிச்சமுள்ள எல்லாப் பருவங்களின் பணத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் புதுமைப் பெண் பணம் மட்டும் ஏறத்தாழ 36,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவருக்குப் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கூலி ஒருமுறை வருவது. இந்த உதவி படிப்பு முடியும் வரை வருவது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. வறுமையால் வகுப்புக்கு வராத பிள்ளைக்குத்தானே உதவி அதிகம் தேவை, வரவில்லை என்று அதையே நிறுத்துவது என்ன நியாயம்? இதில் பாதிக்கு மேல் நான் ஒத்துப்போகிறேன். பொதுப் பணம் வகுப்பில் இல்லாதவருக்கும் போய்க்கொண்டிருந்தால் பெயரளவில் சேர்ந்து பணம் பெறுவோர் பெருகுவார்கள். வருகைக் கணக்கு தேவைதான். ஆனால் அந்தக் கணக்கு மாணவரின் உடம்பை மட்டும் பார்க்கிறது. தறியில் உட்காரும் அப்பாவுக்கு முதுகு பிடித்துப் படுத்துவிட்டால் மகனுக்கு மருத்துவச் சான்று ஏது? முன்பணம் வாங்கிய சேலையை முடித்துத் தர வேண்டிய கட்டாயத்தை எந்த மருத்துவர் எழுதித் தருவார்? குடும்பத்தில் உழைப்பவரின் நோயையும் விலக்குக்கான காரணமாகப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். அதோடு, வருகை 80 சதவீதத்தைத் தொடும்போதே, இன்னும் எத்தனை நாள் மிச்சம், எந்த உதவித்தொகை ஆபத்தில் இருக்கிறது என்று தமிழில் பெற்றோருக்குச் செய்தி போக வேண்டும். பருவ முடிவில் பட்டியல் ஒட்டுவது எச்சரிக்கை ஆகாது. விதியை மாற்ற ஆண்டுகள் ஆகலாம். செய்தி அனுப்ப ஒரு நாள் போதும்.

நேரம் நெருங்கிவிட்டது. நெசவாளர் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசு அங்கீகரித்த ஜவுளிக் கல்வி நிறுவனங்களில் படிக்கும் கைத்தறித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, குடும்பத்துக்கு இருவர் வரை, ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசின் உதவி உண்டு. சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் அதற்கு நல்ல இடம். கைத்தறி பட்டு நெசவுத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்த குடும்பங்களுக்குக் கல்வி உதவியும் இருக்கிறது. பிள்ளையை நாளைக் காலை தறியில் உட்காரச் சொல்லப் போகிற அம்மா, அப்பாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் இதுவரை எத்தனை நாள் வகுப்புக்குப் போகவில்லை என்று அவளிடம், அவனிடம் முதலில் கேளுங்கள். 22-ஐ நெருங்கியிருந்தால் பாவு காத்திருக்கட்டும். அன்றைக்கே வகுப்பு ஆசிரியரைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுங்கள்.