பொய்க் கணக்கை இயந்திரம் திருத்தாது

பொறியாளர் நண்பர்களே, காலையில் தளம் போட்டுவிட்டுச் சட்டையில் ஒட்டிய சிமெண்ட்டோடு நேரே இங்கு வந்திருக்கும் மேஸ்திரிமார்களே!

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள் பெரியவர்கள். கட்டிப் பார்த்தவர்களும் கட்டிக் கொடுத்தவர்களும் நிறைந்த அரங்கம் இது. ஒரு கேள்வி கேட்கிறேன். சொன்ன தேதியில், சொன்ன தொகைக்குள் ஒரு கட்டடத்தை முடித்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

ஒரு கையும் காணோம்! வெட்கப்படாதீர்கள். சிட்னி ஓபரா ஹவுஸ் நமக்குத் துணை நிற்கிறது. 1963-இல் முடியும், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்றார்கள். திறந்தது 1973-இல். ஆன செலவு 10 கோடியே 20 லட்சம்!

எந்த வேலை நின்றால் எது எதெல்லாம் சேர்ந்து நிற்கும் என்று கணக்குப் போடும் வழியை 1957-லேயே டூபாண்ட் நிறுவனத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். கிரிட்டிகல் பாத் மெத்தட். நாமும் படித்தோம், தேர்வு எழுதினோம், சைட் ஆபீஸ் சுவரில் அட்டவணையை ஒட்டினோம். மறுவாரமே மழை. ஜல்லி லாரி வரவில்லை. கம்பி கட்டுகிறவர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். அட்டவணை சுவரிலேயே இருந்தது. வேலை தன் போக்கில் போனது.

செயற்கை நுண்ணறிவு கைகொடுப்பது இந்த இடத்தில்தான். அன்றாடம் நடந்ததைச் சொன்னால், மீதி வேலையை அன்று மாலையே அது மறுபடி அடுக்கிக் காட்டும். அது மட்டுமல்ல. நாளை தளம் போடப் போகிறோம் என்று வையுங்கள். ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிக்கொண்டு பொறியாளர் ஒரு சுற்று வருகிறார். அந்தப் படத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டு, "குளியலறை மூலையில் குழாய்க்கு ஸ்லீவ் வைக்கவில்லை" என்கிறது இயந்திரம். இன்று வைத்தால் பத்து நிமிட வேலை. காங்கிரீட் இறுகிய பிறகு தெரிந்தால்? தளத்தைக் குடைய வேண்டும், வீட்டுக்காரரிடம் ஏச்சும் வாங்க வேண்டும்!

ஆகவே இயந்திரம் வரட்டும். ஆனால், அதற்கு முன் என் கதை ஒன்றைக் கேளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தளம் போடும் நாள். நல்ல வெயில். கலவை இறுகுகிறது என்று மிக்ஸரில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அதே நேரத்தில், ஓரமாக ஒரு தகரத்தின்மேல், இன்னொரு கலவை தயாரானது. அதில் தண்ணீர் குறைவு. சிமெண்ட் ஒரு சட்டி கூடுதல். எதற்கு? டெஸ்டுக்குப் போகும் கியூப் வார்க்க! 15 சென்டிமீட்டர் கட்டைகள். 28 நாள் தண்ணீரில் ஊறி, ஆய்வகத்தில் நசுங்கி, பிரமாதமான ரிப்போர்ட்டாகத் திரும்பி வந்தன. நான் அத்தனையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போட்டேன்.

அந்த ரிப்போர்ட்டை இன்று இயந்திரத்திடம் கொடுங்கள். பச்சை விளக்குதான் காட்டும். வேலைக்கு வந்தவர் 18 பேர், வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில் 25 பேர் என்றால், 25 பேருக்கும் அழகாக வேலை பிரித்துக் கொடுக்கும். தப்பு அதன்மேல் இல்லை, ஐயா. நாம் எழுதியதை அது நம்புகிறது! பொறுப்பு நம்மேல்தான்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். விசாரணைக்கு நின்றவர்கள் மனிதர்கள். நாளைக்கு எந்தச் சைட்டில் எது நடந்தாலும் பதில் சொல்லப் போவதும் மனிதர்களே. கம்ப்யூட்டர் சொன்னது என்று யாரும் தப்பிக்க முடியாது.

குறளில் 52-ஆவது அதிகாரத்துக்குத் தெரிந்துவினையாடல் என்று பெயர். யாரிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்பதே அதன் பொருள். எண்ணுவது, ஒப்பிடுவது, நினைவூட்டுவது ஆகியவற்றை இயந்திரத்திடம் கொடுப்போம். கரணையில் கொஞ்சம் கலவையை அள்ளிப் பார்த்ததும் "தண்ணி ஜாஸ்தி" என்று சொல்கிற கண் மேஸ்திரியுடையது. "வேலையை நிறுத்து" என்று சொல்லும் வாய் பொறியாளருடையது. அன்று நான் திறக்காத வாய் அது.

மென்பொருள் விற்க வருபவர்களை உட்காரவைத்துக் காபி கொடுங்கள். வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு மாதம், தினமும் சாயங்காலம், அன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மூட்டை கலந்தது, எங்கே தப்பு நடந்தது என்று சைட் நோட்டில் உள்ளபடி எழுதுங்கள். தப்பை எழுதிய பையனைத் திட்டாதீர்கள். அந்த நோட்டு உண்மை பேசத் தொடங்கியதும் இயந்திரத்தை வாங்குங்கள். போட்ட காசுக்கு உழைக்கும்.