பிடுங்கிய பார்த்தீனியத்தைத் தொட்டியில் போடலாமா?

(நமது சங்கத்தின் மாடித்தோட்டக் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். தாவரவியல் எனக்குப் பாடமல்ல. ஓய்வுக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

பின்பக்கக் காலி மனையை ஒட்டிப் பிடுங்கிய களை குவியலாகக் கிடக்கிறது. அதைத் தொட்டிகளுக்கு மூடாக்காகப் போடலாம், ஊறவைத்து அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாம் என்று யோசனை வந்திருக்கிறது. காசில்லாத உரம் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் அந்தக் குவியலில் முக்கால்வாசி பார்த்தீனியம். கேரட் இலை மாதிரி இலை, வெள்ளைப் பொட்டாகப் பூ. அதனால்தான் கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன்.

இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் புனே பக்கம் கவனத்துக்கு வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவியது. இறக்குமதி கோதுமையோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். எண்ணிக்கை மட்டுமல்ல, இதற்கு இன்னொரு ஆயுதமும் உண்டு. இலையிலுள்ள நுண்ணிய முடிகளில் பார்த்தீனின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. கூடவே சில பீனாலிக் அமிலங்கள். மழை இலையைக் கழுவும்போதும், வேர் கசியும்போதும், செடி மக்கும்போதும் இவை மண்ணில் இறங்குகின்றன. பக்கத்து விதை முளைப்பதும் வேர் நீள்வதும் தடைபடும். இப்படி ஒரு செடி தன் ரசாயனத்தால் மற்றதைப் பாதிப்பதற்கு அல்லெலோபதி என்று 1937-ல் ஹான்ஸ் மோலிஷ் என்ற அறிஞர் பெயர் வைத்தார்.

மகரந்தமும் சும்மா இருப்பதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பூக்களின் சூல்முடியில் பார்த்தீனிய மகரந்தம் அதிகமாகப் படிந்தால் காய் பிடிப்பது குறையும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். மாடியில் நாம் வைத்திருப்பதும் இவைதானே?

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். பூக்காத செடியின் இலையைக் கையுறை போட்டுப் பறித்து, ஒரு பங்கு இலைக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். மூன்று தட்டுகளில் ஈரத்துணி விரித்து, தட்டுக்கு 20 பச்சைப்பயறு. ஒன்றுக்கு வெறும் தண்ணீர், இன்னொன்றுக்கு இந்தச் சாறு. மூன்றாவதுக்கு, சாப்பிடும் கீரை ஏதாவது ஒன்றை அதே அளவில் ஊறவைத்த தண்ணீர். மூன்றாவது தட்டு எதற்கு என்று கேட்பீர்கள். கெட்டியான எந்த இலைச்சாறும் முளைப்பைக் கொஞ்சம் தடுக்கும். அதைக் கழித்துப் பார்த்தால்தான் பார்த்தீனியத்தின் கணக்குத் தெரியும். நான்கு நாளில் முளைத்தவற்றை எண்ணுங்கள், வேரை ஸ்கேலால் அளந்து எழுதி வையுங்கள். வங்கிக்காரன் புத்தி, டேலி ஆகாமல் எனக்குத் தூக்கம் வராது!

தட்டில் தெரிவது மண்ணில் அப்படியே நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இந்தப் பொருட்களை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். ஆகவே பார்த்தீனியத்தை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. பூப்பதற்கு முன் பிடுங்கியதைச் சாணமும் மண்ணும் கலந்து, சில மாதம் நன்றாக மக்கவிட்டால் உரமாகும். பச்சையாக மூடாக்குப் போடுவதும், ஊறிய தண்ணீரை நாற்றுக்கு ஊற்றுவதும்தான் கூடாது.

இப்போது கிடக்கும் குவியல் பூத்த செடி. அதை உரக்குழியில் சேர்த்தால், குழி போதிய சூடேறாவிட்டால் விதை பிழைத்துவிடும். பிறகு உரத்தோடு சேர்த்து ஒவ்வொரு வீட்டுத் தொட்டிக்கும் விதையையும் நாமே விநியோகித்தவர்கள் ஆவோம். தனியாக ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடலாம் என்பது என் கருத்து.

பிடுங்க வருபவர்கள் முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் இல்லாமல் வராதீர்கள். பார்த்தீனின் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பும் தடிப்பும் தரும். மகரந்தம் மூச்சிரைப்பைக் கிளப்பும். வீசிங் உள்ள பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வேலைக்கு வரும் அம்மாக்களை வெறுங்கையால் அள்ளச் சொல்வது நியாயமில்லை, அவர்களுக்கும் சங்கச் செலவில் கையுறை வாங்க வேண்டும்.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் அடுத்த மழையில் மறுபடி முளைக்கும். ஆவாரை, துத்தி விதைகளைத் தூவி வைத்தால் அவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆவாரை விதை கொஞ்சம் சேகரித்து வைத்திருக்கிறேன், மழைக்கு முன் வேண்டுபவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.