மதிப்பைக் கொடுப்போம், மதிப்பைப் பெறுவோம்



வேலை முடிந்து பிள்ளைகளோடு வீட்டில் அமர்ந்திருக்கும் இவ்வேளையில், நம் முன்னோர் செய்த ஒரு காரியத்தை நினைத்துப் பார்ப்போம்.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். அந்நாளில் துரை எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். இனி இறங்க மாட்டோம் என்றார்கள். இன்னொரு கோரிக்கை கூலியைப் பற்றியது. சீனத் தொழிலாளருக்குக் கிடைத்ததைவிட நமக்குக் கூலி குறைவு. சீனருக்குக் குறையுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்களுக்கும் அதையே கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். முன்நின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அவமதிப்பு எப்படி வலிக்கும் என்பது நமக்குத் தெரியும். தெரிந்த நாமே இன்னொருவரை இழிவாகப் பேசலாமா? இதுதான் இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

மதிப்பு போன இடத்தில் பகை வந்து குடியேறும். 1969 மே 13ஆம் நாள் கோலாலம்பூரில் இனக் கலவரம் மூண்டது. அரசாங்கக் கணக்கின்படியே 196 பேர் மாண்டனர். மாண்டவர்களில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லா இனத்தவரும் இருந்தனர். மறு ஆண்டு, 1970 ஆகஸ்டு 31ஆம் நாள், ருக்குன் நெகாரா பிரகடனம் செய்யப்பட்டது. நம் பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் அந்த ஐந்து கோட்பாடுகளில் கடைசியானது நன்னடத்தையும் ஒழுக்கமும் பேணுதல். பண்போடு பழகுவது ஒரு நாட்டின் கோட்பாடாகவே வைக்கப்பட்டது என்றால், அது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் 2001 மார்ச் மாதத்தில், பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான் பகுதியில் மீண்டும் இரத்தம் சிந்தியது. மலாய்க்காரரும் இந்தியரும் நெருக்கமாகக் குடியிருந்த ஏழைகளின் பகுதி அது. ஒரு வீட்டில் கல்யாணம். பக்கத்தில் இன்னொரு வீட்டில் சாவு. அங்கே எழுந்த சச்சரவு வதந்தியாய்ப் பரவி, ஆறு உயிர்களைக் கொண்டு போயிற்று. கல்யாண வீட்டார் துக்கத்தை மதித்திருந்தால், துக்க வீட்டார் மகிழ்ச்சியை மதித்திருந்தால், இரு பக்கமும் வதந்தியை நம்பாதிருந்தால், அந்த ஆறு பேரும் அன்று வீடு திரும்பியிருப்பார்கள் அல்லவா?

சேர்ந்து வாழ முடியாது என்பவர்கள் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சென்று பார்க்கட்டும். முன்பு செங்கல் சூளைகள் இருந்த இடம் அது. இன்று அங்கே நடைதூரத்திற்குள் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில், சிங்களவர் எழுப்பிய பௌத்த மகா விகாரை, லூதரன் தேவாலயம், இந்திய முஸ்லிம்களின் தொழுகைத் தலம், சீனக் கோயில் ஆகியவை உள்ளன. ஒன்றின் மணியோசை மற்றொன்றின் வழிபாட்டைக் கெடுப்பதில்லை.

அன்பு என்றால் உரிமையை விட்டுக்கொடுப்பது அன்று. கிள்ளான் தொழிலாளர்கள் உரிமையைக் கேட்டார்கள். அதற்காகப் பக்கத்துத் தொழிலாளியைப் பகைக்கவில்லை. அந்த வழியே நம் வழி.

அதை வீட்டிலிருந்தே தொடங்குவோம். பிள்ளைகள் முன்னிலையில் எந்த இனத்தையும் பட்டப்பெயர் வைத்துப் பேசாதிருப்போம். நமக்குள்ளே சாதி சொல்லி ஒருவரைத் தள்ளி வைத்துவிட்டு, பிறர் நம்மை மதிக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. கைப்பேசியில் வரும் செய்தி யாரையாவது ஏசுவதாக இருந்தால், உண்மை தெரியாமல் அதை அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம். தீபாவளிக்கு அண்டை வீட்டாரை அழைப்போம். அவர்கள் உண்ணத் தக்கது எது என்று கேட்டறிந்து பரிமாறுவோம். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அவர்கள் அழைத்தால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம்.

ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டின்மேல் கல்லெறியக் கை எழாது. அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்வோம்.