கீழே வெயில், மேலே மழை

நான் பாடாங் மேஹாவில் வளர்ந்தவள். கோலாலம்பூர் நண்பர்கள் ஜெராய் மலை ஏற வந்தால் வழிகாட்டி நான்தான். 1,200 மீட்டருக்கு மேல் உயரம். ஏறிவிடலாம், மறுநாள் முழங்கால்தான் பேசும்.

சென்ற முறை இறங்கியதும், தித்தி ஹாயுன் ஆற்றில் குளிக்கவேண்டும் என்றார்கள். கீழே நல்ல வெயில். உச்சியில் மேகம் கறுத்திருந்தது. வேண்டாம் என்றேன்.

2021 ஆகஸ்டு 18-இல் இதே மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. மேலே பெய்த மழை மரங்களோடும் சேற்றோடும் திடீரென இறங்கும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள். தண்ணீர் கலங்கினால், சருகுகள் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். துணிமணியைத் தேடாதீர்கள்.

காரில் யாரும் என்னோடு பேசவில்லை. குரூணில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். மலையே தெரியாத அளவுக்கு மழை. ஒருவர் மட்டும் வடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.