அஸருக்குப் பின் ஒரு பிஸ்கட்

(நமது அறக்கட்டளையின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இடைவேளையில் என்ன கொடுப்பது, அதை நம் வீட்டு அடுப்பிலேயே எப்படிச் சுட்டெடுப்பது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

அஸர் தொழுததும் நம் வீடுகளில் தேயிலை கொதிக்கும். பெரியவர்கள் குடிக்கும்போது மடியில் இருக்கும் பிள்ளையும் கையை நீட்டும். ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து வாயில் வைப்போம். பிள்ளை சிரிக்கும், நமக்கும் மனம் குளிரும். ஒன்று, இரண்டாகும், இரண்டு, நான்காகும். மஃரிபுக்குப் பின் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தால் வாயை இறுக மூடிக்கொள்ளும். "பிள்ளை எதுவுமே சாப்பிட மாட்டேங்குது" என்று டாக்டரிடம் போவோம். பிள்ளை சாப்பிட்டுத்தான் இருக்கிறது. மைதாவாலும் சர்க்கரையாலும் அந்தச் சின்ன வயிற்றை நாமே நிரப்பிவிட்டோம்.

தேநீரால் இன்னொரு கேடும் உண்டு. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் அது தடுக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பாதிக்கு மேல்! நம் தெருப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்தாம். சோர்ந்து கிடப்பது, அடிக்கடி நோயில் விழுவது, படிப்பில் பின்தங்குவது என்று அதன் விளைவு பிற்காலம் வரை தொடரக்கூடும்.

யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாமும் அப்படி வளர்ந்தவர்கள்தாம், அப்படி வளர்த்தவர்கள்தாம். ஆனால் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணும்படி மார்க்கம் நமக்குச் சொல்கிறது. பாக்கெட்டை வாங்கும்போது ஹலாலா என்று பார்க்கிறோம். இந்த வயதுக்கு இது நல்லதா என்ற இரண்டாவது கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

"ஓவன் இல்லையே" என்று சில சகோதரிகள் சொல்கிறார்கள். நம் பெத்தும்மாமார்களிடம் ஓவனா இருந்தது? சட்டிக்குக் கீழே தணல், மூடிக்கு மேலே தணல் போட்டுத் தம்மடை சுட்டார்களே! அதே வேலையை இன்று கேஸ் அடுப்பில் செய்யலாம். பழைய, கனமான அலுமினியச் சட்டி ஒன்றை எடுங்கள். அடியில் ஒரு டம்ளர் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு வளையத்தை வையுங்கள். மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கினால் ஓவன் தயார். உப்பை ஆறவைத்து எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும்.

முதலில் கேழ்வரகு பிஸ்கட். கேழ்வரகு மாவு அரை டம்ளர், கோதுமை மாவு அரை டம்ளர். இரண்டையும் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் பத்தை வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்து மைய அரையுங்கள். மாவில் நெய் மூன்று மேசைக்கரண்டி, ஏலத்தூள் ஒரு சிட்டிகை, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி சேர்த்து, பேரீச்சை விழுதால் பிசையுங்கள். ஈரம் போதாவிட்டால் பால் ஒரு கரண்டி. பிள்ளை கையில் பிடிக்கும்படி விரல் நீளத்துக்கு உருட்டி, நெய் தடவிய தட்டில் அடுக்கிச் சட்டிக்குள் வைத்து மூடுங்கள். சிறு தீயில் இருபது நிமிடம். ஓவன் உள்ளவர்களுக்கு 170 டிகிரியில் பதினைந்து நிமிடம் போதும். சூட்டில் மெத்தென்று இருக்கும், ஆறினால் பதமாகிவிடும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு.

அங்கன்வாடியில் வாங்கி வந்த சத்துமாவு பல வீடுகளில் டப்பாவிலேயே கிடக்கிறது. உருண்டையாகக் கொடுத்தால் பிள்ளை துப்புகிறது என்கிறார்கள். அதையும் ஒரு முட்டை, இரண்டு கரண்டி நெய், கொஞ்சம் பால் விட்டுப் பிசைந்து இதேபோல் சுடுங்கள். அதில் வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது; மேற்கொண்டு இனிப்பு வேண்டாம்.

அடுத்தது, பிள்ளைகளுக்கான தம்மடை. வறுத்த ரவை அரை டம்ளர், முட்டை இரண்டு, நன்கு கனிந்த வாழைப்பழம் இரண்டு, தேங்காய்ப்பால் கால் டம்ளர், நெய் இரண்டு மேசைக்கரண்டி. பழத்தை மசித்து எல்லாவற்றையும் கலக்கி, இருபது நிமிடம் ரவை ஊறட்டும். நெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றிச் சட்டிக்குள் வைத்து முப்பது, முப்பத்தைந்து நிமிடம் சிறு தீயில் விடுங்கள். நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முட்டை முழுமையாக வெந்திருப்பது அவசியம்.

"சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா?" என்று கேட்பீர்கள். கருப்பட்டியும் உடலுக்குள் போனால் சர்க்கரைதான். இரண்டு வயது வரை எந்த இனிப்பும் தனியாகச் சேர்க்காமல் இருப்பது நல்லது. பழத்தின் இனிப்பே அவர்கள் நாவுக்குப் போதும். அதிக இனிப்பைப் பழக்குவது நாம்தான். தேன் சிறந்த உணவு என்றாலும், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதை நாவில் தடவவும் கூடாது. சிசுவின் குடலில் நஞ்சாகக்கூடிய கிருமி வித்துகள் தேனில் இருக்கக்கூடும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். நீங்கள் சுட்டதை இரு விரல்களுக்கிடையே அழுத்திப் பாருங்கள். நசுங்கினால்தான் கொடுக்கலாம். முந்திரி, பாதாம், நிலக்கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்; பொடித்துச் சேருங்கள். முட்டையோ கடலையோ முதன்முறை என்றால் சிறிதளவு கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று கவனியுங்கள். ஓடும்போதும் படுத்திருக்கும்போதும் ஊட்ட வேண்டாம். பேரீச்சை பல்லில் ஒட்டும். பின்னால் தண்ணீர் கொடுங்கள். பிஸ்கட்டைக் காற்றுப்புகாத டப்பாவில் மூன்று நாள் வைக்கலாம். தம்மடையை அன்றே தீர்த்துவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பண்டங்கள் இரத்தசோகைக்கு மருந்தாகா. ஈரல், இறைச்சி, மீன், முட்டை, கீரை எல்லாம் சாப்பாட்டில் வர வேண்டும். கூடவே ஒரு துண்டு கொய்யாவோ ஆரஞ்சோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுப்பது அரசின் திட்டம். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். நாம் வீட்டில் சுடும் பண்டத்தின் வேலை, அந்தச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் விட்டு வைப்பது. ஆகவே அஸர் நேரத்தில் ஒன்றோ இரண்டோ போதும். தேநீர் நமக்கு மட்டும். பிள்ளைக்குத் தண்ணீரோ கொஞ்சம் பாலோ இருக்கட்டும்.

மாவு உருட்டும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓர் உருண்டையைக் கையில் கொடுங்கள். கோணலாக உருட்டினாலும் அதையும் தட்டில் வையுங்கள். தான் செய்ததைப் பிள்ளை விரும்பித் தின்னும். பிஸ்மில்லாஹ் சொல்லி வலது கையால் எடுக்க அப்போதே பழக்கிவிடலாம்.

இந்த வாரம் ஒரே ஒரு நாள் செய்து பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, எப்படி வந்தது என்று சொல்லுங்கள். கருகியிருந்தாலும் சொல்லுங்கள், சேர்ந்தே கற்றுக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், நம் அடுப்படிகளில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.